பைப் கேஸ் வந்தாச்சு, டிடெக்டர் இன்னும் தரைப் பக்கத்திலேயே இருக்கு. மாற்ற வேண்டுமா?

போரூர்_வித்யா

வணக்கம். எங்கள் அபார்ட்மென்டில் போன மாதம்தான் பைப் கேஸ் இணைப்பு கொடுத்தார்கள். அதுவரை சிலிண்டர்தான். 2021-ல் கேஸ் கசிந்தால் கத்தும் டிடெக்டர் ஒன்று வாங்கி, மேடைக்கு அடியில் சிலிண்டர் பக்கத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மாட்டியிருந்தோம்.

இணைப்பு கொடுக்க வந்த தம்பி நல்லபடியாகத்தான் வேலை செய்தார். அடுப்பின் ஜெட்டுகளைக் கழற்றி வேறு போட்டார், சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார், மீட்டர் பக்கத்து வால்வை எப்படித் திருப்புவது என்று காட்டினார். டிடெக்டர் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நேற்று மேடைக்கு அடியில் துடைக்கும்போதுதான் அது கண்ணில் பட்டது. சிலிண்டரே இல்லாத இடத்தில் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கிறது.

என் மாமியாருக்குக் கொரோனா வந்துபோனதிலிருந்து வாசனை தெரிவதில்லை. பால் அடிப்பிடித்துப் புகை வந்தால்தான் எழுந்து போவார். பகல் முழுக்க வீட்டில் அவர் மட்டும்தான். டிடெக்டர் வாங்கியதே அவருக்காகத்தான். பைப் கேஸுக்கும் இதே போதுமா, இடம் மாற்ற வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருச்சி_செந்தில்

சகோதரி, வளைகுடாவில் 19 வருடம் இதே வேலைதான் பார்த்தேன். ஆலைகளில் கேஸ் டிடெக்டர் மாட்டுவது, சோதிப்பது, கழற்றி எறிவது. இப்போது ஊரில் இருக்கிறேன். உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில்: இடமும் தப்பு, அநேகமாக டிடெக்டரும் தப்பு.

சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் தண்ணீர் மாதிரி தரையில் பரவும், அதனால்தான் கீழே மாட்டச் சொல்கிறார்கள். பைப்பில் வருவது பெரும்பாலும் மீத்தேன். காற்றின் எடையில் கிட்டத்தட்ட பாதிதான். கசிந்தால் நேரே கூரைக்குப் போய் அங்கிருந்து கீழ்நோக்கித் தேங்கும். ஒரு சாண் உயரத்தில் இருக்கும் டிடெக்டருக்கு அது எட்டும்போது மேல்பாதி ஏற்கெனவே நிறைந்திருக்கும்.

கழற்றி மேலே மாட்டிவிடலாம் என்று உடனே ஆணி அடிக்க வேண்டாம். பின்பக்கத்தைத் திருப்பி மூன்று விஷயம் பாருங்கள்: எந்த வாயுவுக்கானது, தயாரித்த மாதம் வருடம், எத்தனை வருட ஆயுள். எல்பிஜி காற்றில் 2 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தாலே தீப்பிடிக்கும். மீத்தேனுக்கு 5 சதவீதம் வேண்டும். ஒன்றுக்கு அளவு வைத்த சென்சார் இன்னொன்றுக்கு எந்த இடத்தில் கத்தும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

போரூர்_வித்யா

பார்த்துவிட்டேன் அண்ணா. எல்பிஜி என்று மட்டும்தான் இருக்கிறது. தயாரிப்பு நவம்பர் 2019, ஆயுள் 5 வருடம். நாங்கள் வாங்கும்போதே கடையில் ஒன்றரை வருடம் தூங்கியிருக்கிறது. பச்சை விளக்கு எரிகிறதே, அப்போது வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

திருச்சி_செந்தில்

பச்சை விளக்கு கரண்ட் வருகிறது என்று சொல்லும். நல்ல மாடல் என்றால் சென்சாரின் கம்பி அறுந்திருந்தால் மஞ்சளோ சிவப்போ காட்டும். சென்சார் மெல்ல மெல்ல மந்தமாகிப்போனதை எந்த விளக்கும் சொல்லாது. டெஸ்ட் பட்டனும் அப்படித்தான். பட்டனை அழுத்தினால் மணியும் சர்க்யூட்டும் சரியாக இருக்கின்றன என்று மட்டும் தெரியும். சென்சாருக்கு மோப்பம் இருக்கிறதா என்பது வேறு கதை. பெட்டி வெள்ளையாகப் புதிதுபோல இருந்தாலும் தேதி முடிந்தால் முடிந்ததுதான். ஜப்பானில் வீட்டு கேஸ் அலாரத்தை 5 வருடத்தில் மாற்றிவிடுகிறார்கள்.

நேர்பேச்சு_மணி

எல்லோரும் பயமுறுத்துகிற மாதிரி இருக்கிறது, அதனால் மாற்றுக் கருத்து ஒன்று. கேஸுக்கு வாசனையே கிடையாது. நாற்றம் வேண்டுமென்றே சேர்ப்பது. 1937 மார்ச் 18-ல் டெக்சாஸில் நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கசிந்த இயற்கை எரிவாயு வெடித்து 300 பேர் அளவில் செத்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். வாசனை இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் நாற்றம் சேர்ப்பது கட்டாயமாயிற்று. தீப்பிடிக்கும் அளவில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் கணக்கு. ஆக ஒவ்வொரு வீட்டிலும் ஏற்கெனவே ஒரு டிடெக்டர் இருக்கிறது, நம் முகத்தில். 30 வருடமாக எங்கள் வீட்டில் வேறு எதுவும் கிடையாது. வித்யா வீட்டு நிலைமை வேறு, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லோரும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பது சரியா?

திருச்சி_செந்தில்

மணி சார், நீங்கள் சொன்ன வரலாறு சரி. நாற்றம்தான் முதல் காவல், அதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் மூக்கு தூங்கும். அதே நாற்றத்தில் கொஞ்ச நேரம் இருந்தால் பழகியும்போகும். மெல்லக் கசியும் வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது, வெளியிலிருந்து வருபவர்தான் "என்ன நாத்தம்" என்பார். ஜலதோஷம், வயசு, கொரோனா எல்லாம் தனி. இன்னொன்று, புது இரும்புக் குழாய் அந்த நாற்றப் பொருளைக் கொஞ்ச காலம் உறிஞ்சிக்கொள்ளும். இணைப்பு புதிதாக வந்த வீட்டில்தான் நாற்றம் குறைவாக இருக்க வாய்ப்பு. நம் ஊரில் இப்போது எல்லாமே புது இணைப்புதான்.

மாம்பலம்_லலிதா

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, தனியாக இருக்கிறேன். மகன் வாங்கி மாட்டிக் கொடுத்தான். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால் கத்துகிறது. கை கழுவும் சானிடைசரை அடுக்களையில் வைத்துத் தேய்த்தால் கத்துகிறது. கரப்பான் மருந்து அடித்தபோது கத்தியதில் கீழ்வீட்டுக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். ஒரு கட்டத்தில் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டேன். இது பழுதா, என் வீட்டில் ஏதாவது பிரச்சினையா?

திருச்சி_செந்தில்

அம்மா, பழுது இல்லை. வீட்டு டிடெக்டர்களில் பெரும்பாலும் இருப்பது டின் ஆக்சைடு சென்சார். 1960-களில் ஜப்பானில் டகுச்சி என்பவர் கண்டுபிடித்த வகை. உள்ளே ஒரு சின்ன ஹீட்டர் எப்போதும் சூடாக இருக்கும், எரியக்கூடிய ஆவி எது பட்டாலும் அதன் மின்தடை இறங்கும். சானிடைசரின் ஆல்கஹாலும் அதற்குக் கேஸ்தான், சாம்பிராணிக் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடும் கேஸ்தான். மீத்தேனுக்கென்றே செய்த நல்ல சென்சாரில் முன்னால் கரி வடிகட்டி இருக்கும், அது ஆல்கஹாலைப் பெருமளவு தடுத்துவிடும். அடுத்த முறை அந்த வகையைக் கேளுங்கள்.

பிளக்கை மட்டும் தயவுசெய்து மறுபடி போட்டுவிடுங்கள் அம்மா. என் சொந்த அக்கா வீட்டில் இதுதான் நடந்தது. தாளிக்கும்போதெல்லாம் கத்துகிறது என்று பிடுங்கி அலமாரியில் வைத்தார். ஏழு மாதம் கழித்து அடுப்பு ட்யூப் வெடிப்பு விட்டது. அத்தான் விடிகாலை காபி போட எழுந்து, நாற்றம் தெரிந்து, லைட்டைப் போடாமல் ஜன்னலைத் திறந்தார். அவ்வளவுதான் பிழைத்த கதை. டிடெக்டர் அப்போதும் அலமாரியில்தான் இருந்தது.

பம்மல்_செயலாளர்

எங்கள் குடியிருப்பில் 64 வீடு. பைப் கேஸ் வந்ததும் மொத்தமாக ஆர்டர் கொடுத்தோம். மாட்ட வந்தவர்கள் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி அடுப்புக்கு நேர் மேலே, சிம்னிக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டுப் போனார்கள். சிம்னி பாயின்ட் அங்கே இருக்கிறது, வயர் இழுக்கும் வேலை மிச்சம், அதுதான் காரணம். ஆறே மாதத்தில் பாதி வீட்டில் பிரச்சினை. ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன், காற்று போகும் சின்னச் சின்னத் துளைகளில் எண்ணெய்ப் பிசுக்கு மஞ்சள் மெழுகு மாதிரி அடைத்திருந்தது. குண்டூசியால் குத்தினால் சுருண்டு வந்தது. அதற்குள் கேஸ் எப்படிப் போகும்?

இதைவிடப் பெரிய பிரச்சினை, ராத்திரி அடுக்களையை ஒதுங்கவைத்துவிட்டு எல்லா ஸ்விட்சையும் அணைப்பது நம் வீடுகளில் பழக்கம். சிம்னி ஸ்விட்சை அணைத்தால் டிடெக்டரும் போச்சு. எது வேண்டுமோ அந்த நேரத்தில் அது இல்லை. ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்த்தேன், 20 வீட்டுக்கு மேல் இந்தக் கதைதான்.

போரூர்_வித்யா

எங்கள் வீட்டிலும் அத்தை அப்படித்தான் அணைப்பார். அப்போது எங்கே மாட்டுவது? எங்கள் அடுக்களை எட்டுக்குப் பத்து, உயரம் பத்தடி. அடுப்பு மேடைக்கு மேலே ஏழடி உயரத்தில் சுவரோடு சுவராகப் பரண் ஓடுகிறது. ஜன்னல் மேடைக்கு எதிரே, எக்ஸாஸ்ட் ஃபேன் ஜன்னலுக்கு மேல்.

திருச்சி_செந்தில்

பரணைச் சொன்னது நல்லதாகப் போயிற்று. வெளிநாட்டு மேனுவல்களில் பரண் இருக்காது, நம் அடுக்களையில் அதுதான் முக்கியம்.

பொது விதி: மீத்தேன் டிடெக்டர் கூரையிலிருந்து ஒரு அடிக்குள், கதவு ஜன்னல்களின் மேல்விளிம்பைவிட உயரத்தில், அடுப்பிலிருந்து பக்கவாட்டில் குறைந்தது ஒரு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். அதிகபட்ச தூரம் மேனுவலில் போட்டிருக்கும். அடுப்புக்கு நேர் மேலே கூடாது, ஆவியும் எண்ணெயும் அடிக்கும். எக்ஸாஸ்ட் ஃபேன் பக்கமும் ஜன்னல் பக்கமும் கூடாது, புதுக்காற்று பட்டால் கேஸ் அதை எட்டாது. கூரையும் சுவரும் சேரும் மூலையில் ஒட்டிவைக்க வேண்டாம், அங்கே காற்று நகராது.

உங்கள் வீட்டில் கேஸ் எழும்பினால் முதலில் பரணின் அடிப்பாகத்தில் முட்டும். அங்கே கொஞ்சம் தேங்கி, பரணின் முன்விளிம்பைத் தாண்டிக் கூரைக்குப் போகும். ஆகவே பரணுக்கு உள்ளே பாத்திரங்களுக்குப் பின்னால் மாட்டினால் வீண். பரண் இல்லாத பக்கச் சுவரில், கூரையிலிருந்து ஒரு சாண் கீழே மாட்டுங்கள். கூரையில் ஒரு அடிக்கு மேல் தொங்கும் பீம் இருந்தால் பீமுக்கு அடுப்பு இருக்கும் பக்கமாகவே வையுங்கள். ஃபால்ஸ் சீலிங் போட்ட வீட்டில் மேலே இருக்கும் இடைவெளிக்கு கேஸ் போகும் ஓட்டை இருந்தால் முதலில் அதை அடைக்க வேண்டும்.

ஒரு கணக்கு சொல்கிறேன், இடம் ஏன் முக்கியம் என்று புரியும். உங்கள் அடுக்களை 800 கன அடி, அதாவது சுமார் 22,600 லிட்டர். தீப்பிடிக்க 5 சதவீதம், 1,130 லிட்டர் மீத்தேன். அதில் பத்தில் ஒரு பங்கில் டிடெக்டர் கத்துகிறது என்று வையுங்கள், 113 லிட்டர். பற்றவைக்காமல் முழுசாகத் திறந்துவிட்ட ஒரு பர்னரில் மணிக்கு சுமார் 200 லிட்டர் வெளியே வரும். அறை முழுக்கச் சீராகக் கலந்தால் அரை மணிக்கு மேல் ஆகும். ஆனால் கேஸ் மேலே மூன்றில் ஒரு பங்கு இடத்தில்தான் தேங்குகிறது என்றால் கூரைப் பக்கம் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் அந்த அளவு வந்துவிடும். மேலே இருப்பவன் அப்போதே கத்துவான். தரையில் இருப்பவன் சும்மா இருப்பான்.

வாங்கும்போது பெட்டியில் மீத்தேன் அல்லது இயற்கை எரிவாயு என்று தெளிவாக எழுதியிருக்கிறதா, இஎன் 50194-1 என்ற ஐரோப்பியத் தரம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். தீப்பிடிக்கும் அளவில் 3 முதல் 20 சதவீதத்துக்குள் கத்தியாக வேண்டும் என்பது அந்தத் தரம்.

டொராண்டோ_குமரன்

செந்தில் அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இங்கே வீட்டைச் சூடாக்குவதும் குளிக்கிற வெந்நீரும் இயற்கை எரிவாயுவில்தான். ஒன்டாரியோவில் எரிபொருள் எரியும் சாதனம் உள்ள வீடுகளில் கார்பன் மோனாக்சைடு அலாரம் 2014 முதல் சட்டப்படி கட்டாயம். நம் ஆட்கள் பலர் அதை மாட்டிவிட்டு கேஸ் கசிந்தாலும் கத்தும் என்று நினைக்கிறார்கள். கத்தாது. எரியாத கேஸ் வேறு, சரியாக எரியாததால் வரும் விஷவாயு வேறு. இரண்டும் சேர்ந்த மாடலும் உண்டு, அட்டையில் இரண்டு பெயரும் இருக்க வேண்டும்.

ஊரில் பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் வைத்து ஜன்னலையும் சாத்திக் குளிக்கிறார்கள். அங்கே ஆளைக் கொல்வது கார்பன் மோனாக்சைடு. அதற்கு வாசனையும் கிடையாது. மீத்தேன் டிடெக்டர் அங்கே எந்த உதவியும் செய்யாது. கீசரை வெளியே வையுங்கள்.

நேர்பேச்சு_மணி

நல்ல தகவல், இது எனக்குத் தெரியாது. எங்கள் மகள் வீட்டில் உள்ளேதான் இருக்கிறது. இன்றே போன் செய்கிறேன்.

சோதனைக்கு: சிகரெட் லைட்டரைப் பற்றவைக்காமல் பக்கத்தில் பிடித்தால் கத்துமாமே? வீடியோக்களில் எல்லாம் அப்படித்தான் காட்டுகிறார்கள்.

பம்மல்_செயலாளர்

நாங்கள் அப்படித்தான் 64 வீட்டிலும் சோதித்தோம். கத்தியது.

திருச்சி_செந்தில்

செயலாளர் சார், கோபித்துக்கொள்ள வேண்டாம், அது எனக்குப் பிடிக்காத வழி. லைட்டரில் வருவது பியூட்டேன். கிட்டப் பிடித்தால் சென்சாருக்குத் தீப்பிடிக்கும் அளவைப்போலப் பல மடங்கு போகும். சில வகைச் சென்சார் அதிலேயே மந்தமாகிவிடும். அப்புறம், பியூட்டேனுக்குக் கத்தியது என்பதால் மீத்தேனுக்குச் சரியான அளவில் கத்தும் என்றும் ஆகாது. மேனுவலில் லைட்டர் கூடாது என்று இருந்தால் தொடவே வேண்டாம். அளவு குறித்த சோதனைக் கேஸ் சின்ன டப்பாவில் விற்கிறது, 64 வீட்டுக்கு ஒன்றிரண்டு வாங்கி அசோசியேஷனில் வைத்துக்கொள்ளலாம். தனி வீட்டுக்கு, வருடாந்திரச் சோதனைக்கு ஆள் வரும்போது டிடெக்டரையும் பார்க்கச் சொல்லலாம். அடுப்பைத் திறந்துவிட்டுச் சோதிப்பதை மட்டும் யாரும் எந்தக் காரணத்துக்காகவும் செய்ய வேண்டாம்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. மாதம் ஒரு முறை டெஸ்ட் பட்டன். உலர்ந்த துணியாலோ மெல்லிய பிரஷாலோ துளைகளைத் துடைப்பது. ஈரத்துணி, கண்ணாடி துடைக்கும் ஸ்பிரே, சோப்பு எதுவும் படக்கூடாது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது கழற்றி வேறு அறையில் வைத்து, பெயின்ட் வாடை போன பிறகு திரும்ப மாட்டுங்கள். அதன் மேல் பெயின்ட் அடித்துவிட்டுப் போன வீடும் பார்த்திருக்கிறேன். சிங்க் ஓரத்தில் சிலிக்கான் பசை போடும்போதும் அப்படியே. சிலிக்கான் ஆவி சென்சாரைக் கொன்றுவிடும், பச்சை விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும்.

கரண்ட் போய்த் திரும்பினால் ஹீட்டர் சூடாக இரண்டு மூன்று நிமிடம் ஆகும், அதுவரை அதற்கு எதுவும் தெரியாது. இன்வெர்ட்டர் இருந்தால் அந்த லைனில் கொடுங்கள். 2 வாட் என்று வைத்தாலும் வருடத்துக்கு 18 யூனிட்டுக்கும் குறைவு.

மாம்பலம்_லலிதா

பிளக்கைப் போட்டுவிட்டேன் தம்பி. கத்தினால் நான் என்ன செய்ய வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள். தாளில் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டப் போகிறேன்.

திருச்சி_செந்தில்

அம்மா, எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எக்ஸாஸ்ட் ஃபேனும் அப்படித்தான். அடுப்பு எரிந்தால் அணையுங்கள், சுவரில் இருக்கும் கேஸ் வால்வை மூடுங்கள். கைப்பிடி குழாய்க்குக் குறுக்காக நின்றால் மூடியிருக்கிறது என்று அர்த்தம். கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். லிஃப்ட் வேண்டாம், படி. போன் வெளியே வந்தபிறகுதான். பைப் கேஸ் என்றால் பில்லில் கம்பெனியின் அவசர எண் இருக்கும், சிலிண்டர் என்றால் 1906. சாம்பிராணிதானே என்று உங்களுக்குத் தோன்றினாலும் முதலில் வெளியே வாருங்கள்.

பம்மல்_செயலாளர்

கத்தினதும் தானாகக் கேஸை நிறுத்தும் வால்வு வைக்கலாமா? ஒருவர் விலை கொடுத்திருக்கிறார்.

திருச்சி_செந்தில்

பெரியவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கு நான் சிபாரிசு செய்வேன். இரண்டு நிபந்தனை. கையால் திறந்தால்தான் மறுபடி திறக்க வேண்டும், தானாகத் திறக்கும் வகை கூடாது. எரிந்துகொண்டிருந்த பர்னர் அணைந்து, திருகு திறந்தே இருக்க, கேஸ் மட்டும் திரும்ப வந்தால் அதைவிட ஆபத்து இல்லை. அடுத்தது, குழாயைக் கேஸ் கம்பெனி ஆள் தவிர யாரும் வெட்டக்கூடாது. டிடெக்டர் விற்பவரே வெட்டிப் பொருத்துகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

போரூர்_வித்யா

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். மீத்தேன் டிடெக்டர் வாங்கியாயிற்று, 2,600 ரூபாய். பரண் இல்லாத இடப்பக்கச் சுவரில், கூரையிலிருந்து ஒரு சாண் கீழே, அடுப்பிலிருந்து ஐந்தடி தள்ளி. எலக்ட்ரீஷியன் ஃபிரிட்ஜ் லைனிலிருந்து வயர் இழுத்துத் தந்தார். ஸ்விட்சே வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அத்தை எதை அணைத்தாலும் இது போகாது. கரண்ட் கொடுத்ததும் விளக்கு மூன்று நிமிடம் மினுக்கி, பிறகு நின்று எரிந்தது.

பட்டனை அழுத்தியபோது வந்த சத்தம் ஹாலில் டிவி ஓடும்போதும் கேட்கிறது. அத்தையை அவர் அறையில் படுக்கச் சொல்லி, கதவைச் சாத்திவிட்டு மறுபடி அழுத்தினோம். "கேக்குது, நிறுத்து" என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தார். அப்புறம் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தடவை நடந்தே பார்த்துவிட்டோம். வால்வு இறுகலாக இருந்தது, அவர் கைக்குத் திரும்பவில்லை. கம்பெனியில் சொல்லி வேறு மாற்றித் தந்திருக்கிறார்கள்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. ராத்திரி எல்லா அடுப்பையும் மூடி மீட்டரைப் போட்டோ எடுத்தேன், காலையில் அதே எண்தான். கசிவு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா அண்ணா?

திருச்சி_செந்தில்

நல்ல பழக்கம், தொடருங்கள். கடைசி எண் நகரவில்லை என்றால் மீட்டருக்கு அப்பால் கணக்கில் வரும் அளவுக்குக் கசிவு இல்லை. மிகச் சிறிய கசிவு மீட்டரில் ஏறாமலும் இருக்கலாம், மீட்டருக்கு முன்னால் கசிந்தாலும் அதில் காட்டாது. அதனால் மாதம் ஒரு முறை இணைப்புகளில் சோப்புத் தண்ணீரும் தடவிப் பாருங்கள். ரப்பர் ட்யூபில் அச்சடித்திருக்கும் வருடத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

போரூர்_வித்யா

ட்யூபில் 2018 என்று இருக்கிறது. நாளைக்கே மாற்றச் சொல்கிறேன்.